அஞ்சு நாள் காணாமப் போன சுக்கு: எங்க வீட்டு கெக்கோவைத் தேடிக் கண்டுபிடிச்ச விவரம் முழுசா

முதல் மூணு நாள் நாங்க தப்பான இடத்துல தேடினோம். அந்த மூணு நாள் இன்னொருத்தர் வீட்ல வீணாகக் கூடாதுன்னுதான் இதை உட்கார்ந்து எழுதறேன், அதனால எங்க என்ன பண்ணோம், எது வேலை செஞ்சது, எது செய்யலன்னு ஒண்ணு விடாம சொல்றேன், நீளமா இருந்தா பொறுத்துக்கோங்க.

நாங்க இருக்கறது பெங்களூர் ஜீவன் பீமா நகர் பக்கம், ரெண்டாவது மாடி, ரெண்டு பெட்ரூம் வாடகை வீடு. நான், இவர், ஆறாவது படிக்கிற பையன், கோவில்பட்டியில இருந்து வந்து எங்களோட இருக்கற அத்தை. கூடவே சுக்கு. சுக்கு ஒரு க்ரெஸ்டட் கெக்கோ, அதாவது வீட்ல வளக்கற ஒரு பல்லி இனம், காய்ஞ்ச சுக்கு நிறத்துல இருக்கான்னு பையன் வச்ச பேரு. மூக்கு நுனியில இருந்து வால் நுனி வரைக்கும் ஒரு சாண் இருப்பான், கடைசியா எடை போட்டப்போ 42 கிராம். கண்ணுக்கு மேல இமை முடி மாதிரி முள்ளு முள்ளா ஒரு வரிசை, ஆனா நிஜத்துல கண்ணு இமையே கிடையாது, நாக்கால நக்கித்தான் கண்ணைத் துடைச்சுக்குவான்.

இந்த இனத்தோட சொந்த ஊர் நியூ கலிடோனியா, ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்க பசிபிக் கடல்ல இருக்கற தீவு. 1866லயே பேர் வச்சுப் பதிவு பண்ணிட்டாங்க, அப்புறம் ரொம்ப காலம் கண்ணுலயே படாம அழிஞ்சே போச்சுன்னு நினைச்சிருந்தாங்க, 1994லதான் திரும்ப உயிரோட பார்த்தாங்க. காணாமப் போன அன்னிக்கு ராத்திரி பையன் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருந்தான், "அம்மா, அத்தனை வருஷம் தொலைஞ்சது கிடைச்சிருக்குல்ல, இவனும் கிடைப்பான்ல" ன்னு. அந்தக் குரலை மறக்க முடியல.

எப்படிப் போனான்

ஏப்ரல் மாசம், திங்கக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு பையன் சாப்பாடு வச்சான். கூண்டு 45க்கு 45 சென்டிமீட்டர், 60 உயரம், முன்னாடி ரெண்டு கண்ணாடிக் கதவு. அந்தக் கதவோட க்ளிப் கொஞ்ச நாளாவே லூஸ், அழுத்தினா டிக்குன்னு சத்தம் வரும் ஆனா மாட்டியிருக்காது, எனக்கும் தெரியும், ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னு ரெண்டு ஞாயிறு தள்ளிப் போட்டிருந்தேன். செவ்வாய் காலைல ஆறேகாலுக்கு எழுந்து பாத்தா கதவு ரெண்டு விரல் அளவு தொறந்து கிடக்கு. அவ்வளவு போதும், பல்லி இனத்துக்குத் தலை நுழைஞ்சா உடம்பு நுழைஞ்சிரும்.

நான் பையனைத் திட்டல. தப்பு என்னோடதும்தான். வீட்டுக்குள்ள ஒரு உயிர் தொலைஞ்சிருக்கற நேரத்துல யார் தப்புன்னு பேசினா குழந்தை உண்மையைச் சொல்லப் பயப்படும், எத்தனை மணிக்குக் கடைசியாப் பாத்த, எந்த ஜன்னல் தொறந்திருந்ததுன்னு அவன் சொல்றதுதான் நமக்கு இருக்கற ஒரே துப்பு.

முதல் ஒரு மணி நேரத்துல செஞ்சது

இது மட்டும் சரியா பண்ணோம்னு நினைக்கறேன். தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வீட்டை ஆபத்தில்லாம ஆக்கினோம். ஃபேன் எல்லாம் ஆஃப், ஏன்னா இது சுவத்துலயும் கூரையிலயும் போற ஜீவன், றெக்கை மேல உட்கார்ந்திருந்து நாம சுவிட்ச் போட்டா முடிஞ்சது. டாய்லெட் மூடி மூடியே இருக்கணும், பாத்ரூம் பக்கெட்ல தண்ணி இருந்தா மேல தட்டு. வாஷிங் மெஷின் போடறதுக்கு முன்னாடி ட்ரம்முக்குள்ள கை விட்டுப் பாக்கணும். கதவை எல்லாம் மெதுவா, இடுக்குல டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் சாத்தணும், கதவிடுக்குல நசுங்கிச் செத்த பல்லியை நம்ம வீடுகள்ல எல்லாரும் பாத்திருப்போம், அந்த ஞாபகம் வந்தப்போ எனக்குக் கை நடுங்கிச்சு.

அடுத்தது விஷம். சமையல்கட்டு ஓரம் எறும்புக்காகக் கோடு போட்டிருந்த சாக்பீஸை ஈரத்துணியால ரெண்டு தடவை துடைச்சோம், அது பூச்சி மருந்து, பல்லி அது மேல நடந்துட்டு அப்புறம் நாக்கால கண்ணை நக்கும்னு யோசிங்க. கொசு மருந்து மெஷினைப் பிடுங்கி வச்சுட்டு கொசுவலை கட்டிப் படுத்தோம். யாரோ ஒட்டுற அட்டை, அதாங்க எலிக்கு வைக்கிற பசை அட்டை, அதை வச்சுப் பிடிங்கன்னு சொன்னாங்க. தயவு செஞ்சு அதை மட்டும் வைக்காதீங்க. தோல் உரியும், வால் போகும். எங்கயோ பழைய அட்டை இருந்து தெரியாம மாட்டிக்கிட்டா இழுக்காம சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டா விட்டு மெதுவாப் பிரிக்கணும்.

வாலைப் பத்தித் தனியாச் சொல்லணும். நம்ம வீட்டுப் பல்லிக்கு வால் அறுந்தா திரும்ப முளைக்கும், அதனால நாம அதைப் பெரிசா எடுத்துக்கறதில்ல. க்ரெஸ்டட் கெக்கோவுக்கு முளைக்காது. ஒரு தடவை பயந்து உதறிட்டா ஆயுசுக்கும் மொட்டைதான். அந்த வால் நுனியிலயும் ஒட்டிக்கிற பட்டை இருக்கு, கிளையைப் பிடிச்சுத் தொங்க உதவும். உயிருக்கு ஆபத்து இல்ல, வால் இல்லாமலும் நல்லா வாழும், ஆனாலும் என் பையனுக்கு அவன் வாலோடதான் வேணும். அதனால பாத்தவுடனே யாரும் பாய்ஞ்சு பிடிக்கக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சோம்.

செவ்வாய், புதன்: ஃப்ரிட்ஜ் பின்னாடி

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. ஃப்ரிட்ஜ் பின்னாடி பாருங்க, மோட்டார் சூடா இருக்கும், ஊர்வன எல்லாம் சூட்டைத் தேடித்தான் போகும். கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. இவர் லீவு போட்டுட்டு ஃப்ரிட்ஜை இழுத்தார், பின்பக்கம் தூசி எல்லாம் துடைச்சு எடுத்தார், டிவி பின்னாடி, மோடம் பின்னாடி, இன்வெர்ட்டர் பின்னாடி, சூடா இருக்கற எல்லாத்துக்குப் பின்னாடியும் டார்ச்சோட படுத்துக் கிடந்தோம். ஷூ ஒவ்வொண்ணையும் கவுத்தோம். கட்டில் அடி, பீரோ அடி, சோஃபா அடித் துணியைக் கூடப் பிரிச்சுப் பாத்தாச்சு.

இப்போ யோசிச்சா தெரியுது, அது அத்தனையும் லெப்பர்டு கெக்கோவுக்கான தேடல். லெப்பர்டு கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கம் வறண்ட கல்லுக்காட்டு ஜீவன், அதுக்குக் கால்ல ஒட்டுற பட்டையே இல்ல, வழவழப்பான சுவத்துல ஏறாது, வயித்துக்குச் சூடு வேணும். அது தொலைஞ்சா தரை, மூலை, ஃப்ரிட்ஜ் அடி எல்லாம் சரியான இடம். எங்க சுக்கு மழைக்காட்டு மர ஜீவன். கண்ணாடியிலயே ஏறுவான், 22லேர்ந்து 26 டிகிரிதான் அவனுக்கு இதமானது, 28க்கு மேல ரொம்ப நேரம் இருந்தாலே அவனுக்குக் கஷ்டம். ரெண்டையும் கெக்கோன்னு ஒரே பேர்ல சொல்றதால ஒரே மாதிரி தேடிட்டோம். பெங்களூர்ல வருஷத்துல முக்கால்வாசி நாள் அவனுக்கு ஏசியே வேண்டாம், அதனாலதான் இந்த இனத்தையே வாங்கினோம், ஆனா ஏப்ரல் அப்படி இல்லையே, மத்தியானம் வெளில 34 போகுது.

புதன் ராத்திரி கோலப்பொடி வச்சோம். ஒவ்வொரு ரூம் வாசல்லயும் நிலைப்படி ஓரமா ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிசாத் தூவி, காலைல கால் தடம் இருக்கான்னு பாக்கறது. வியாழன் காலைல ஒரு கரப்பான் போன தடம் மட்டும் இருந்துச்சு. இந்த முறை எலிக்கோ தரையில ஊர்ற ஜீவனுக்கோ நல்லா வேலை செய்யும், சுவத்துல போறவனுக்குச் செய்யாது. அதுக்கும் மேல, பொடி அந்தக் கால் பட்டையில ஒட்டினா பிடிமானம் குறையும், அதனால இதை நான் யாருக்கும் சிபாரிசு பண்ணமாட்டேன்.

வியாழன்: மூடி வச்ச ராத்திரி

அவனுக்குப் பழச்சாப்பாடுன்னா உயிர், பொடியாக் கிடைக்கும், தண்ணில குழைச்சு வைக்கணும், வாசனை நல்லாத் தெரிஞ்சு வருவான். அதைக் கொஞ்சம் மசிச்ச வாழைப்பழத்தோட கலந்து அஞ்சு பாட்டில் மூடில வச்சோம். ஹால்ல ஒண்ணு, ரெண்டு பெட்ரூம்ல ஒவ்வொண்ணு, சமையல்கட்டுல ஒண்ணு, அதுக்குப் பின்னாடி வாஷிங் மெஷின் இருக்கற யுடிலிட்டில ஒண்ணு. ஆனா பெங்களூர் எறும்பு சும்மா இருக்குமா, அதுக்கு அத்தைதான் வழி சொன்னாங்க, தீபாவளிப் பலகார டப்பாவை எறும்பு ஏறாம தண்ணித் தட்டு நடுவுல வைப்போம்ல, அதே மாதிரி ஒவ்வொரு மூடியையும் தண்ணி ஊத்தின தட்டு நடுவுல வச்சு, தட்டை இடுப்பு உயரத்துக்கு மேல அலமாரி, ஸ்டூல்னு ஏத்தி வச்சோம். எல்லா ரூம் கதவையும் சாத்தி அடி இடுக்குல ஈர டவலைச் சுருட்டி அடைச்சோம். ஒரு ராத்திரி முழுக்க அவன் எந்த ரூம்ல இருக்கானோ அங்கயே இருக்கணும், அப்போதான் எந்த மூடி குறையுதோ அந்த ரூம்னு சொல்ல முடியும்.

வெள்ளிக்கிழமை காலைல சமையல்கட்டு மூடில நக்கின தடம்! பையன் குதிச்சுட்டான். ஆனா பழைய போன் ஒண்ணை அங்க வீடியோ ஓடவிட்டு வச்சிருந்தோம், அதுல பாத்தா நம்ம சாதா வீட்டுப் பல்லி, ஒல்லியா, கண்ணு மேல முள்ளு எதுவும் இல்லாம, நிதானமா வந்து நக்கிட்டுப் போகுது. வீட்டுப் பல்லியும் இனிப்பு, ஜாம் எல்லாம் நக்கும்னு அன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன். போன் வைக்காம இருந்திருந்தா சமையல்கட்டையே இன்னும் ரெண்டு நாள் பிரிச்சுக்கிட்டு இருந்திருப்போம். யுடிலிட்டி மூடியும் லேசாக் குறைஞ்சிருந்த மாதிரி தெரிஞ்சது, ஆனா அங்க கேமரா இல்ல, அதுவும் வீட்டுப் பல்லியாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்.

வெள்ளி மத்தியானம்: அத்தை சொன்னது

அத்தைக்கு முதல்ல சுக்குவைப் பிடிக்காது. பல்லி தோள்ல விழுந்தா என்ன பலன், தலையில விழுந்தா என்ன பலன்னு பல்லி சாஸ்திரம் பாத்து வளர்ந்தவங்க, நல்ல காரியம் பேசும்போது சுவத்துல பல்லி சத்தம் போட்டா இன்னிக்கும் விரலால தரையைத் தட்டுவாங்க. பல்லியைக் காசு குடுத்து வாங்கி வளக்கறதான்னு கேட்டவங்க. ஆனா இந்த அஞ்சு நாளும் ராத்திரி எல்லாம் பேரனோட டார்ச் பிடிச்சுட்டு உட்கார்ந்தாங்க, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடறேன்னு வேண்டிக்கிட்டாங்க.

அன்னிக்கு மூணு மணி வெயில்ல சோறு இறங்காம உட்கார்ந்திருந்த பையன்கிட்ட அவங்க சொன்ன வார்த்தை இது: "ஏலே, கோடையில பல்லி எங்கல கிடக்கும்? எங்க வீட்ல எல்லாம் தண்ணிப் பானைக்குப் பின்னாடிதாம்ல கிடக்கும். பானையைத் தூக்கினா குளுகுளுன்னு அங்கதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். உங்க வீட்ல பானை எங்கல இருக்கு?"

பானை எங்க இருக்கு. எனக்கு அப்படியே உடம்பு சிலிர்த்துச்சு. நாலு நாளா அவன் எங்க ஒளிஞ்சிருப்பான்னு மட்டுமே யோசிச்சோம், இந்த வீட்ல அவனுக்கு வாழ முடியற இடம் எதுன்னு ஒருத்தரும் யோசிக்கல. உடனே கூண்டுக்குள்ள மாட்டியிருந்த டெம்பரேச்சரும் ஈரப்பதமும் காட்டற சின்ன மீட்டரைக் கழட்டி ஒவ்வொரு இடத்துலயும் பத்து நிமிஷம் வச்சோம், வெயில் உச்சியில, மூணரை மணிக்கு. ஹால் 31 டிகிரி, ஈரம் 34 சதவீதம். மேற்குப் பக்க பெட்ரூம் 32. ஃப்ரிட்ஜ் பின்னாடி 37, ரெண்டு நாள் நாங்க குடைஞ்ச அந்த இடத்துல அவன் இருந்திருந்தா உயிரோடயே இருந்திருக்க மாட்டான். பாத்ரூம் 28, காலைல ஈரம் இருக்கும் ஆனா மத்தியானத்துல காய்ஞ்சுடுது. யுடிலிட்டி 26, ஈரம் 68.

யுடிலிட்டின்னா சமையல்கட்டுக்குப் பின்னாடி வாஷிங் மெஷின் வைக்கிற சின்ன இடம், வடக்குப் பாத்தது, வெயிலே விழாது, கம்பி வலை அடிச்சிருக்கு. எங்க ஏரியாவுல போர் தண்ணி உப்பு அதிகம்னு ஆர்ஓ மெஷின் வச்சிருக்கோம், அதோட கழிவுத் தண்ணிக் குழாய் அங்கதான் ஒரு பக்கெட்ல சொட்டிக்கிட்டே இருக்கும், வீடு துடைக்க எடுத்துப்போம். குழாய் வெளிப்பக்கம் பூரா எப்பவும் துளித்துளியா நிக்கும். இந்த கெக்கோ கிண்ணத்துத் தண்ணியைவிட இலையில சுவத்துல நிக்கிற துளியை நக்கிக் குடிக்கறதைத்தான் விரும்பும், அதுக்காகத்தான் தினம் கூண்டுக்குள்ள தண்ணி ஸ்ப்ரே பண்றோம். எங்க வீட்டுத் தண்ணிப் பானை அதுதான்.

உடனே போய்த் தேடினோம். கிடைக்கல. மெஷின் பின்னாடி, மணி ப்ளான்ட் தொட்டி, பழைய பேப்பர் கட்டு, ஒண்ணும் இல்ல. ஆனா இந்த தடவை நம்பிக்கை போகல. சமையல்கட்டுக்கும் யுடிலிட்டிக்கும் நடுவுல இருக்கற கதவைச் சாத்தி, கீழ டவல் வச்சு, பக்கெட்டை வலையால மூடிட்டோம், உள்ள விழுந்துடக் கூடாதேன்னு.

சனிக்கிழமை

காலைல வீட்டு வேலைக்கு வர்ற அக்கா துணி போடப் போனவங்க என்னைக் கூப்பிட்டாங்க. வாஷிங் மெஷின் மூடி மேல எச்சம். "இது நம்ம ஹல்லிது அல்லக்கா" ன்னாங்க, நம்ம பல்லியோடது இல்லன்னு. கன்னடத்துல பல்லிக்கு ஹல்லி. தினம் இந்த வீட்டைக் கூட்டித் துடைக்கற கண்ணு, வீட்டுப் பல்லி எச்சம் எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியாதா, அது குட்டியா, கறுப்பா, காய்ஞ்சு, நுனியில வெள்ளைப் புள்ளியோட இருக்கும். இது அதைவிட மூணு மடங்கு பெருசு, பழம் தின்ன மாதிரி பழுப்பா ஈரமா, கூட வெள்ளையா ஒரு கட்டி. பையன் பாத்தவுடனே சொல்லிட்டான், "சுக்குதும்மா, சத்தியமா சுக்குது."

எச்சம் விழுந்த இடத்துக்கு நேர் மேல சுவத்துல ஒரு ஆணி. அதுல புதுசா வாங்கித் தொங்கவிட்டிருந்த பூந்துடைப்பம், இன்னும் ஒரு நாள் கூட எடுத்துக் கூட்டாதது, பூப்பக்கம் கீழ. செவ்வாய்க்கிழமையே அதைப் பாத்தோம். வெள்ளிக்கிழமையும் பாத்தோம். விரிச்சுப் பாக்கல. இந்த இனம் ராத்திரில நிறம் கறுத்து அடர்த்தியாகும், பகல்ல தூங்கும்போது வெளிறிப் போய் வைக்கோல் நிறமாயிடும், துடைப்பம் நிறமும் அதேதான், ஒரு சாண் தள்ளி நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது.

அப்பவே கை வச்சு விரிக்கணும்னு எல்லாருக்கும் துடிச்சது. வேண்டாம்னு நான்தான் நிறுத்தினேன். பகல்ல தூக்கத்துல இருக்கறவனை நாரைப் பிரிச்சு எழுப்பினா குதிப்பான், குதிச்சா வால். வெளிய போக வழி இல்லாம அடைச்சாச்சு, தண்ணி இருக்கு, சாப்பாடு மூடி இருக்கு, குளிர்ச்சி இருக்கு, ராத்திரி அவனே வரட்டும். வேலைக்கு வர்ற அக்காகிட்ட அன்னிக்குத் துணியும் வேண்டாம் அந்தப் பக்கமே வேண்டாம்னு சொல்லிட்டோம், போகும்போது "கிடைச்சா போன் பண்ணுங்கக்கா" ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

ராத்திரி பத்தரைக்கு லைட் எல்லாம் அணைச்சாச்சு. நானும் பையனும் மட்டும் யுடிலிட்டி உள்ள, தரையில, கதவைச் சாத்திட்டு. டார்ச்சை நேரா அடிக்காம ஒரு துணி சுத்தி, சுவத்தை ஒட்டின மாதிரி பக்கவாட்டுல அடிச்சு வச்சோம், அப்போ சுவத்துல சின்னதா ஏதாவது இருந்தாலும் நிழல் நீளமா விழும். ஒரு மணி நேரம் குழாய் சொட்டற சத்தம் மட்டும்தான். பதினொண்ணு நாப்பதுக்குத் துடைப்பம் லேசா அசைஞ்சது. காத்தே இல்ல. நார் நடுவுல இருந்து ஒரு தலை, தலைகீழா, அந்தக் கண்ணு மேல முள்ளு வரிசையோட நிழல் சுவத்துல அவ்வளவு பெருசா. பையன் என் கையை இறுக்கிப் பிடிச்சிருந்தான், மூச்சே விடல.

அவன் இறங்கி, சுவத்துல நடந்து, குழாய்க்கு வந்து துளியை நக்கினான். குடிச்சு முடிக்கட்டும்னு விட்டோம். அப்புறம் பையன் மெதுவா எழுந்து அவனுக்கு முன்னாடி உள்ளங்கையை விரிச்சுச் சுவத்தோட ஒட்டி வச்சான், இன்னொரு கையைப் பின்னாடி, தொடாம. கொஞ்ச நேரம் யோசிச்சான் சுக்கு. அப்புறம் ஏறிட்டான். வால் முழுசா இருந்துச்சு.

வெளில வந்து அத்தைகிட்ட காட்டினதும் அவங்க வாயைப் பொத்திக்கிட்டு அழுதுட்டாங்க.

அதுக்கப்புறம்

அந்த ராத்திரியே எடை போட்டோம், 39 கிராம். அஞ்சு நாளைக்கு மூணு கிராம்தான் இறங்கியிருக்கு, தண்ணி கிடைச்சதாலயும் அந்த மூடியில கொஞ்சம் சாப்பிட்டதாலயும்தான் இவ்வளவோட நின்னிருக்கும்னு நினைக்கறேன். பின்னங்கால் ரெண்டு விரல்ல பழைய தோல் உரியாம மோதிரம் மாதிரி சுத்தியிருந்தது, அதை அப்படியே விட்டா ரத்த ஓட்டம் நின்னு விரல் நுனியே போயிடும். ஈரமான டிஷ்யூ விரிச்ச டப்பாவுல மூடி ஓட்டை போட்டு இருபது நிமிஷம் வச்சு, இயர்பட்டை நனைச்சு உருட்டினா தானா வந்துருச்சு. பிச்சு இழுக்கக் கூடாது.

திங்கக்கிழமை இந்த மாதிரி ஜீவன்களைப் பாக்கற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம், வாய், கண்ணு, வயிறு பாத்தார், வெளில கரப்பான் கிரப்பான் தின்னிருந்தா புழு வரலாம்னு எச்சம் டெஸ்டுக்கு எடுத்தார், ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. ரெண்டு நாள் யாரும் கையில எடுக்காதீங்கன்னார். வந்த முதல் ரெண்டு ராத்திரி அவன் கூண்டுல எதுவும் சாப்பிடல, எங்களுக்கு திரும்பவும் பயம், மூணாவது ராத்திரி கிண்ணத்துல பாதி காலி. மூணு வாரத்துல பழையபடி 42.

கதவு க்ளிப்பை மாத்திட்டோம், இப்போ சின்னப் பூட்டு போட்டுச் சாவி அத்தைகிட்ட, ராத்திரி பூட்டிட்டாங்களான்னு அவங்கதான் இழுத்துப் பாத்துட்டுப் படுப்பாங்க. அந்தத் துடைப்பத்தை யாரும் கூட்ட எடுக்கல. நார் கொஞ்சம் வெட்டிக் கழுவிக் காயவச்சு பையன் கூண்டுக்குள்ள மேல் மூலையில கட்டி விட்டிருக்கான், சுக்கு இப்போ பகல் பூரா அதுக்குள்ளதான் தூங்கறான்.